இரண்டும் இடது கால்

என் கட்டிலுக்கு அடியில் ஒரு சாக்கு மூட்டை வைத்திருந்தேன். அதற்குள் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ். ஒன்று கறுப்பு, ஒன்று பச்சை. இரண்டும் இடது கால். எனக்காக எடுத்து வைத்ததல்ல, என் கால் சின்னது. இன்னொருவன் கால் அளவுக்குப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியது. கறுப்பு சீக்கிரமே கிடைத்துவிட்டது. பச்சைக்குத்தான் வருஷக்கணக்கில் ஆனது. கிடைத்த அன்று அதைக் கழுவிக் காயவைத்து, சாக்கில் போட்டுக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

வீட்டைப் பெருக்கும்போதெல்லாம் என் மகள் அந்தச் சாக்கை விளக்குமாற்றால் இடிப்பாள்.

"என்னப்பா இது? நாள் முழுக்கக் குப்பைல கெடக்குறது போதாதா? வீட்டுக்குள்ளயும் சேர்க்கணுமா?"

"அது குப்பை இல்ல. ஒருத்தனுக்குக் கொடுக்க வேண்டியது."

"கொடுத்துத் தொலையேன்."

"கொடுப்பேன்."

நாங்கள் இருந்தது குப்பைமேட்டின் அடிவாரத்தில். மேடு என்று வாய்ப்பழக்கத்துக்குச் சொல்கிறோம். அது மலை. நகரம் தின்றதில் மிச்சம், உடுத்தியதில் கந்தல், உடைத்ததில் சில்லு, எல்லாம் லாரியில் ஏறி எங்கள் தலைமாட்டில் வந்து விழும். நானும் என் பெண்டாட்டியும் அதில்தான் பொறுக்கிப் பிழைத்தோம். அவளுக்கு மேட்டில் கிடைத்த பூட்ஸும் இதே மாதிரி கறுப்பும் பச்சையும். இரண்டும் இடது கால். வலது காலை அதற்குள் திணித்துக்கொண்டு வாத்து மாதிரி நடப்பாள். கூட வேலை செய்யும் பெண்கள் கேலி செய்தால், "ரெண்டு கால்ல ஒண்ணாவது பொருந்துதே, என் புருஷன் எந்தப் பக்கமும் பொருந்த மாட்டேங்குறான்" என்பாள். வாய் அப்படி.

மேட்டில் அப்போது ஒரு சட்டம் இருந்தது. யாரும் எழுதி வைத்ததில்லை, ஆனால் யாரும் மீறினதில்லை. லாரி கொட்டிய குப்பையை புல்டோசர் சரிவுக்குத் தள்ளுவதற்கு முன்னால் மூன்று ஹாரன் அடிக்க வேண்டும். முதல் ஹாரனுக்குத் தலை நிமிர வேண்டும். இரண்டாவதுக்குச் சாக்கைத் தூக்க வேண்டும். மூன்றாவதுக்கு ஆள் அந்த இடத்தில் இருக்கக் கூடாது. சரிவில் குனிந்து பொறுக்குகிறவளுக்கு மேலே என்ன வருகிறது என்று தெரியாது. காதுதான் கண்.

அன்று மழை வருகிற மாதிரி இருந்தது. லாரிகள் வரிசை கட்டி நின்றன. நான் பழைய இரும்புக் கடையில் இருந்தேன். ஹாரன் சத்தம் கடை வரைக்கும் கேட்கும். அன்று சாயங்காலம் கேட்கவில்லை. அவளும் வீட்டுக்கு வரவில்லை.

புல்டோசர் ஓட்டினவன் மறுநாள் காலையில் டீக்கடையில் உட்கார்ந்து சொன்னான்: "உன் வீட்டுக்காரியா? டெம்போல ஏறிப் போனாளேப்பா. பாட்டில் வாங்க வருவானே, அவன் வண்டி. சிரிச்சுக்கிட்டே போனா."

சிரித்துக்கொண்டே. அந்த ஒரு வார்த்தையை அவன் எங்கிருந்து எடுத்தான் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. பொய் சொல்கிறவன் அளவாகச் சொல்லியிருக்கலாம்.

அந்தப் பாட்டில்காரன் அதற்கப்புறம் எங்கள் பக்கம் வியாபாரத்துக்கு வரவில்லை. அது போதாதா ஊருக்கு? எங்கள் மேட்டில் ஒருத்தி இருக்கிறாள், பட்டப்பெயர் ரேடியோ. அவள் காதில் விழுந்தது பொழுது சாய்வதற்குள் அடிவாரம் முழுக்க ஒலித்துவிட்டது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். "ஹாரன் கேக்கல ஐயா" என்றேன். அங்கே இருந்தவர், "கேக்காத சத்தத்துக்கு எப்படிய்யா கேஸ் போடுறது?" என்று சிரித்தார். நான் பாட்டில்காரனையும் தேடிப் போனேன். நகரத்தின் மறுகோடியில் காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தான். அந்த வாரம் பூராவும் அவன் வண்டியே எடுக்கவில்லை. வந்து ஊரில் சொன்னேன். பொண்டாட்டி ஓடிப்போனவன் பேச்சை எவன் கேட்பான்?

நான் மட்டும் ஒன்றைக் கவனித்தேன். மறுநாளிலிருந்து, அவள் பொறுக்கும் கால்வாய் முனையில் லாரி கொட்டவில்லை. அந்த முனை அப்போது பாதிதான் நிரம்பியிருந்தது. புல்டோசர்காரன் லாரிகளை எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டான். வெறும் மண்ணைத் தள்ளி முனையை மூடினான். குழியைப் பாதியில் விட்டுவிட்டு எந்தக் குப்பைமேட்டிலும் எவனும் வேறு இடம் போக மாட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இவன் முழு மனுஷியைக் குப்பையில் மறைத்தவன்.

தோண்டப் போனேன். கடப்பாரையோடு போன என்னைக் காவலாளிகள் அடித்துத் துரத்தினார்கள். மறுபடியும் போனேன், மறுபடியும் அடித்தார்கள். அதற்குப் பிறகு நான் அவசரப்படவில்லை.

அவன் என் பெண்டாட்டியை இரண்டு தடவை எடுத்துக்கொண்டான். முதல் தடவை உயிரோடு. இரண்டாவது தடவை என் மகள் மனசிலிருந்து. அம்மா போனபோது அவளுக்கு அப்போதுதான் பேச்சு வந்திருந்தது. அடிவாரத்துப் பிள்ளைகள் அவளை "டெம்போ" என்றுதான் கூப்பிட்டார்கள். சண்டை போட்டாள், அழுதாள், பிறகு விட்டுவிட்டாள். வளர்ந்த பிறகு நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "ரெண்டு இடது கால் பூட்ஸைப் போட்டுக்கிட்டு எவளாவது ஓடுவாளா? செருப்பு வாசல்லயே கெடந்துச்சு" என்பேன். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டே, "போனவளுக்கு வண்டி இருந்துச்சு, செருப்பு எதுக்கு? விடுப்பா. என்னை வேணாம்னு விட்டுட்டுப் போனவ பேச்சு எனக்கு வேணாம்" என்பாள். குரலில் கோபம்கூட இருக்காது. எனக்கு அதுதான் தாங்காது.

புல்டோசர்காரன் காலப்போக்கில் பெரிய ஆளானான். முதலில் மேஸ்திரி, பிறகு காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர். தலையில் எப்போதும் வெள்ளை நிறத்தில் ஒரு பாதுகாப்புத் தொப்பி. அதனால் அவன் பெயரே தொப்பி ஆகிவிட்டது. என்னைப் பார்த்தால், "என்ன பெருசு, சாப்டியா?" என்று கேட்பான். "ஆச்சு" என்பேன். அவன் கால்களைப் பார்த்துக்கொள்வேன். பெரிய கால்.

அப்புறம்தான் மாநகராட்சி அந்த வேலையைக் கொண்டு வந்தது. இனி ஊர்க் குப்பை மலைக்கு வரக் கூடாது. அந்தந்த வீட்டில் பிரித்து, அந்தந்த வட்டாரத்திலேயே உரமாக்க வேண்டும். பழைய மலையைத் தோண்டிச் சலிக்க வேண்டும். மண் தனி, பிளாஸ்டிக் தனி, கல் தனி. மண் நிலத்துக்கு, பிளாஸ்டிக் சிமெண்ட் சூளைக்கு, கல் பள்ளம் நிரப்ப. கடைசியில் இடம் பூங்காவாகும் என்றார்கள். நான் நம்பவில்லை. நல்லது செய்யப் போகிறோம் என்று வந்தவர்களெல்லாம் முதலில் எங்கள் கூரையைத்தான் பிடுங்கியிருக்கிறார்கள். ஆனால் தோண்டப் போகிறார்கள் என்று காதில் விழுந்ததும் முதல் ஆளாகப் போய் வேலைக்குப் பெயர் கொடுத்தேன்.

என் மகளும் சேர்ந்தாள். அவள் சல்லடை வரிசைப் பெண்களுக்குத் தலைவி ஆனாள். எனக்கு சல்லடை இயந்திரத்தின் வாயில் வேலை. கயிறு, சேலை, கம்பி வந்து சிக்கினால் இழுத்துப் போட வேண்டும். பொக்லைன் கிழக்குப் பக்கத்திலிருந்து மலையைத் தின்றுகொண்டே வந்தது. நான் தினமும் கால்வாய் முனை எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். கிட்டே வந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் காலையில் தொப்பி எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னான்: "கால்வாய் முனையைத் தோண்ட வேணாம். அது அப்படியே இருக்கட்டும். மேல மண்ணப் போட்டு, புல்லு வெச்சு, நாலு பெஞ்சு போட்டுடலாம். ஜனங்க ஏறி நின்னு காத்து வாங்கட்டும்."

"ஏன், அங்க மட்டும் குப்பை இல்லையா?" என்று கேட்டேன்.

"அங்க வெறும் மண்ணுதான், பெருசு."

"மண்ணுன்னா சலிச்சா சீக்கிரம் முடியுமே."

அவன் என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். "ஜாலி மூட்ல இருந்தா வேற ஆளப் பாரு. வேலையப் பாருய்யா" என்றான்.

சந்தேகம் அன்றைக்கே செத்தது. அதற்கப்புறம் எனக்கு இருந்தது பழி மட்டும்தான்.

குப்பைமேட்டில் வேலை செய்கிறவனுக்கு நெருப்பைப் பற்றித் தெரியும். மேலே எரிகிற நெருப்பு வேறு, உள்ளே பிடிக்கிற நெருப்பு வேறு. உள்ளே பிடித்தது கொழுந்துவிடாது. கனன்றுகொண்டே போகும். மேலிருந்து எத்தனை டேங்கர் தண்ணீர் ஊற்றினாலும் அது குடித்துவிட்டு மறுநாள் புகையும். ஒரே வழிதான். தோண்டி, பரப்பி, ஆறப்போட்டு அணைக்க வேண்டும். மாநகராட்சி விதியும் அதுதான். வேலை ஆரம்பித்த அன்றே இன்ஜினியரம்மா எல்லாருக்கும் சொல்லியிருந்தார்.

எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரம். டீக்கடை அடுப்பிலிருந்து கங்கு கொஞ்சம் வாங்கினேன். "குளிர் காயவா?" என்று கடைக்காரன் கேலி செய்தான், வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. "ஆமா, ரொம்ப நாளா குளிருது" என்றேன். கால்வாய் முனையின் அடிச்சரிவில், அவள் பொறுக்கும் இடத்திலிருந்து தள்ளி, கடப்பாரையால் ஆழமாக ஒரு துளை போட்டுக் கங்கை இறக்கினேன். அவள் மேல் நெருப்பு படக் கூடாது. அந்த ஒன்றில்தான் கவனமாக இருந்தேன். மற்ற எதிலும் எனக்கு அக்கறை இல்லை.

சில நாளில் புகை வந்தது. முதலில் நூல் மாதிரி. பிறகு கயிறு மாதிரி. பிறகு அடிவாரம் முழுக்க. துணிமணி, சாப்பாடு, தலைமுடி எல்லாவற்றிலும் அந்த நாற்றம். என் மகள் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

"ஊரே இருமுதுப்பா. கைப்புள்ளைங்கல்லாம் தூங்க முடியாம கத்துது. எவன் வெச்சானோ, அவன் கை விளங்காமப் போக."

"இருமட்டும்" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முட்டாள் இல்லை.

தொப்பி டேங்கர் டேங்கராகத் தண்ணீர் ஊற்றினான். மண்ணைக் கொட்டினான். புகை வேறு வழி கண்டுபிடித்து வந்தது. கடைசியில் இன்ஜினியரம்மா வந்து இறங்கினார். முகமூடிக்கு மேலே கண் மட்டும் சிவந்து தெரிந்தது.

"மேடம், இன்னும் நாலு லோடு மண்ணு போட்டா அடங்கிடும்" என்றான் தொப்பி.

"எத்தனை லோடு போட்டீங்க இதுவரைக்கும்?"

"அது... போட்டோம் மேடம்."

"அடங்குச்சா?"

"மேடம், இந்த முனை ரொம்ப லூஸ். பொக்லைன் ஏறினா சரியும். ஆபத்து."

"உள்ள நெருப்பை வெச்சுக்கிட்டு மேல பெஞ்சு போட்டு ஜனங்களை உக்கார வெக்கிறது ஆபத்து இல்லையா? மேலருந்து வேணாம், பக்கவாட்டுல திறங்க. இன்னைக்கே."

அந்த அம்மாவை நான் நம்பினதில்லை. படித்தவர்கள் யாரையும் நம்பினதில்லை. ஆனால் அன்றைக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

வீட்டுக்குப் போய்ச் சாக்கை எடுத்துவந்து சல்லடைப் பக்கத்தில் வைத்தேன். பொக்லைன் ஓட்டுகிற பையனிடம் போனேன். பையன் என்றால் கல்யாணமானவன், எனக்குப் பையன்.

"தம்பி, தோண்டுறதுக்கு முன்னாடி மூணு ஹாரன் அடி."

"எதுக்கு தாத்தா? கீழதான் யாரும் இல்லையே?"

"இருக்காங்க. அடி."

என்ன நினைத்தானோ, அடித்தான். மூன்று ஹாரன், விட்டுவிட்டு. மேட்டில் அந்தச் சத்தம் கேட்டுப் பல காலம் ஆகிவிட்டது. வரிசையில் இருந்த வயசான பெண்கள் தங்களையறியாமல் சாக்கைத் தேடிக் கையை நீட்டினார்கள். தொப்பி டேங்கர் மேல் கையை ஊன்றிக்கொண்டான். தொப்பிக்குக் கீழே முகம் பழைய பேப்பர் நிறம்.

பொக்லைன் வாரி வாரிப் போட்டது. புகையும் குப்பையைப் பெண்கள் வாரிக்கட்டையால் பரப்பினார்கள். தண்ணீர் அடித்தார்கள். நெருப்பு இருந்த இடத்தைத் தாண்டி, மண் மூடிய இடத்துக்குப் பொக்லைன் நகர்ந்தது. தொப்பி ஓடிவந்து, "போதும், போதும், நெருப்பு அவ்ளோதான்!" என்று கத்தினான். "உள்ளயும் சூடு இருக்கான்னு பாக்கணும்" என்றார் இன்ஜினியரம்மா. பொக்லைன் வாளி மறுபடியும் இறங்கியது.

பச்சை பூட்ஸ் முதலில் வந்தது. என் மகளின் வாரிக்கட்டையில்தான் மாட்டியது. அவள் குனிந்து எடுத்து மண்ணைத் தட்டினாள். அதை உற்றுப் பார்த்தாள். பிறகு குப்பையில் மண்டி போட்டுக் கையாலேயே தோண்ட ஆரம்பித்தாள். கறுப்பும் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே பக்கம் வளைந்திருந்தன. கறுப்பைத் தூக்கியபோது உள்ளே எதுவோ உருண்டது. அவள் அதைச் சாய்க்கவில்லை. குழந்தையைப் பிடிப்பது மாதிரி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

"யப்பா" என்றாள். அவ்வளவுதான் வந்தது.

ரேடியோ தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ஐயோ, அவ பூட்ஸு! நான்தானே வாத்து வாத்துன்னு கேலி பண்ணுவேன்!"

இன்ஜினியரம்மா பொக்லைனை நிறுத்தச் சொல்லி, போலீசுக்குப் போன் போட்டார். "யாரும் எதையும் தொடாதீங்க. போலீஸ் வரட்டும்."

தொப்பி தொண்டையைச் செருமினான். "பாவம். அந்தக் காலத்துல சரிவு சரியும். தானா விழுந்து செத்திருப்பா. யாருக்குத் தெரியும்?"

"உனக்குத் தெரியும்" என்றேன். "சிரிச்சுக்கிட்டே டெம்போல ஏறினானு சொன்னது யாரு?"

"நான் எப்போ சொன்னேன்?"

அங்கேதான் தப்பு பண்ணினான். ரேடியோ எழுந்துவிட்டாள். "டேய்! நீதானடா சொன்ன? டீக்கடை பெஞ்சுல உக்காந்து பன்னைத் தின்னுக்கிட்டே சொன்னியே! உன் வாயில வந்ததைத்தானேடா நான் ஊரெல்லாம் சொன்னேன். இத்தனை வருஷம் என் வாயை வாடகைக்கு எடுத்திருக்கியா நீ?"

பெண்கள் வாரிக்கட்டையோடு சுற்றி நின்றுவிட்டார்கள். வழி இல்லை. பொக்லைன் பையனும் இறங்கி வந்து நின்றான்.

நான் சாக்கை அவிழ்த்தேன். கறுப்பையும் பச்சையையும் அவன் முன்னால் போட்டேன்.

"இது அவளோடது இல்ல. இது உன்னோடது. உன் காலுக்குத்தான் எடுத்து வெச்சேன். போடு."

"என்ன பெருசு, விளையாடுறியா? மேடம், பாருங்க மேடம்..."

இன்ஜினியரம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். என் மகள் கையிலிருந்த பூட்ஸைப் பார்த்தார். திரும்பி, போலீஸ் வருகிற பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதைப் போட்டுக்கிட்டு ஓடிப்போனானு சொன்னியே. எப்படி ஓடினானு காட்டு. இங்கேருந்து வாசல் கேட் வரைக்கும் ஓடு."

போட்டான். சுற்றி நின்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போட்டான். வலது கால் உள்ளே போகாமல் திணறினான். திணித்தான். ஓடினான். பத்தடி போவதற்குள் கால் மடங்கி விழுந்தான். வெள்ளைத் தொப்பி கழன்று உருண்டு கால்வாயில் விழுந்தது. உள்ளே வழுக்கை என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். யாரும் சிரிக்கவில்லை.

"சிரிச்சுக்கிட்டே ஓடணும்" என்றேன். "அவ சிரிச்சுக்கிட்டேதானே போனா?"

குப்பையில் கிடந்தபடியே அழுதான். "ஹாரன் ரிப்பேர்... மழை வர மாதிரி இருந்துச்சு... லாரிக்காரனுங்க கத்துனானுங்க. தள்ளிட்டேன். திரும்பிப் பாத்தா, ஒரு கை மட்டும் வெளிய தெரிஞ்சுது. பயந்துட்டேன். மண்ணத் தள்ளி மூடிட்டேன். புள்ளைங்க இருக்கு எனக்கு. நானும் புள்ள குட்டிக்காரன்தானே..."

இத்தனை வருஷம் நான் கேட்க ஆசைப்பட்டது அது. கேட்டுவிட்டேன். கை என்ற ஒன்றை மட்டும் நான் நினைத்துப் பார்த்ததில்லை.

என் மகள் கறுப்பு பூட்ஸை மெதுவாகக் கீழே வைத்தாள். நிமிர்ந்தே இருக்கும்படி, பச்சையை அதற்கு முட்டுக் கொடுத்து வைத்தாள். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரனிடம் வழி கேட்கிற மாதிரி கேட்டாள்:

"கை அசைஞ்சுதா?"

அவன் அழுகையை நிறுத்தினான். அவளைப் பார்க்கவில்லை. குப்பையைப் பார்த்தான்.

"கேக்குறேன்ல. அசைஞ்சுதா, இல்லையா?"

முகத்தைக் குப்பையில் புதைத்துக்கொண்டான். அதைவிட என்ன பதில் வேண்டும்?

தூரத்தில் போலீஸ் வண்டி கேட்டில் திரும்புவது தெரிந்தது. குப்பைமேட்டுப் பாதை குண்டும் குழியுமானது. வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும்.

என் மகள் எழுந்தாள். முகத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து இடுப்பில் செருகினாள். தன் அம்மாவை ஒரு நாளும் அம்மா என்று சொல்லாதவள்.

"எழுந்திரு" என்றாள். "எங்கம்மா இதைப் போட்டுக்கிட்டு எம்புட்டு தூரம் போனானு சொன்ன? டெம்போ வரைக்கும். எழுந்து ஓடு."

எழுந்தான். ஓடினான். விழுந்தான்.

"மறுபடியும்."

இன்ஜினியரம்மா மெதுவாக என் பக்கம் வந்து, "ஐயா, நீங்களாவது சொல்லுங்க, போதும்னு" என்றார். நல்ல அம்மாதான்.

நான் காலியான சாக்கை மடித்துக் கீழே போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன்.

"அவ கேக்குறா, மேடம்" என்றேன். "ஓடட்டும்."